தகட்டை வளைப்பது கடைசி வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சிறு விமானங்களின் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கேபிள், கப்பி வரை இறங்கி எழுதியிருந்தது சந்தோஷம். ஆனால் இரண்டு வரிகள் உறுத்தின. ‘ஒரு பக்கம் சாயும் விமானத்துக்கு டிரிம் தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் போதும்’ என்பது ஒன்று (அசையும் பலகைகளின் பின்விளிம்பில் இருக்கும் சிறு தகடு அது). ‘ஒழுங்காக ரிக்கிங் செய்த விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கையை விட்டாலும் நேராகவே போகும்’ என்பது இன்னொன்று. ரிக்கிங் என்றால் இறக்கை, வால், கேபிள்களைச் சரியான கோணத்திலும் இறுக்கத்திலும் அமைப்பது. 31 வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையில் இன்னும் சேஃப்டி வயர் (திருகுகள் கழன்றுவிடாமல் கட்டும் கம்பி) கிழித்த தழும்புகள் இருக்கின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில், பைலட் சீட்டிலிருந்து பார்த்தால், புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அது தள்ளும் காற்றும் உடலைச் சுற்றிக்கொண்டே போய் வாலின் இடப்பக்கத்தில் அடிக்கும். மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். முழு பவரில், குறைந்த வேகத்தில் ஏறும்போது இந்தத் தொல்லை அதிகம். அதனால்தான் பைலட் வலது கால் மிதியை அழுத்திக்கொண்டே ஏறுகிறார். பவரைக் குறைத்து இறங்கும்போது கதை மாறிவிடும், இடது கால் கேட்கும். இதை ஈடுகட்ட வால் துடுப்பையோ எஞ்சினையோ ஒரு சில டிகிரி திருப்பி வைத்துத் தயாரிப்பதுண்டு. அந்தக் கணக்கு குரூஸ் வேகத்துக்கு, அதாவது ஏறி முடித்துச் சீராகப் பறக்கும் வேகத்துக்கு, மட்டும்தான். நாங்கள் ரிக்கிங் செய்வதும் அந்த ஒரு நிலைக்குத்தான்: குரூஸ் பவர், ஒரே உயரம், நேர்கோடு. மற்ற நேரத்துக்குப் பைலட்டின் காலும் கையும் இருக்கின்றன.

இனி தகடு விஷயம். இதில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

பைலட்டின் முன்னால் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கருப்புப் பந்து இருக்கும். விமானம் பக்கவாட்டில் வழுக்காமல் போனால் அது நடுவில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் ஒரு நான்கு இருக்கை விமானம் வந்தது. குரூஸில் பந்து அரைப் பந்து அளவு வலப்பக்கம் நிற்கிறது என்று புகார். பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலை அழுத்த வேண்டும் என்பது பாலபாடம். விமானமே அதைச் செய்துகொள்ள வேண்டுமானால், ரட்டரின் (கால் மிதியால் அசையும் வால் பலகை) பின்விளிம்பில் உள்ள தகட்டை எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். தகடு இடப்பக்கம் போனால் காற்று ரட்டரை வலப்பக்கம் தள்ளும். வளைத்தேன். பறந்து பார்த்துவிட்டு வந்த பைலட், “பந்து நடுவுக்கு வந்துடுச்சு, ஆனா கையை விட்டா வலது ரெக்கை கீழே போகுது” என்றார். சரி, வலது எய்லரானின் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) தகட்டை மேல்நோக்கி வளைத்தேன். எய்லரான் சற்றே இறங்கி அந்த இறக்கையைத் தூக்கும். மறுபடி பறந்தார். இப்போது பந்து நடுவில், இறக்கைகளும் ஆட்டமில்லாமல். ஆனால் எய்லரான்களை அசைக்கும் கைப்பிடி சற்று இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது, வழக்கமான வேகத்தில் மூன்று நாட் (மணிக்குச் சுமார் ஐந்தரை கி.மீ.) குறைகிறது. “நண்டு மாதிரி போகுதுய்யா” என்றார்.

எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பந்து நேரா இருக்கான்னு யார் சொன்னது?”

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவர் முன் சீட் தண்டவாளங்களின் குறுக்கே ரசமட்டத்தை வைத்தார். கொத்தனார் கையில் இருக்குமே, அதே ரசமட்டம்தான். ஒரு பக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, குமிழி நடுவுக்கு வரும்வரை காத்திருந்தார். விமானம் இப்போது மட்டம். ஆனால் பேனலில் பந்து அரைப் பந்து வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது. யாரோ கருவியைக் கழற்றி மாட்டும்போது திருகுத் துளையில் இருந்த இடைவெளி அளவுக்கு அது சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான். திருகைத் தளர்த்தி, விரலால் கருவியை லேசாகத் திருப்பி, இறுக்கினார். நான் வளைத்த இரண்டு தகடுகளையும் நானே பழையபடி நிமிர்த்தினேன். அன்று மாலை பறந்தபோது குறை எதுவும் இல்லை, வேகமும் திரும்ப வந்துவிட்டது. பொய் சொன்ன பந்தை நம்பி நல்ல விமானத்தைக் கோணலாக்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் யாராவது ‘இறக்கை கனக்கிறது’, அதாவது ஒரு பக்கம் தாழ்ந்துபோகிறது, என்று சொன்னால் நான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பேன். இரண்டு டாங்கிலும் பெட்ரோல் சமமாக இருந்ததா? ஒரு லிட்டர் ஏவியேஷன் பெட்ரோல் சுமார் 0.72 கிலோ, ஒரு பக்கம் 40 லிட்டர் கூடுதல் என்றால் கிட்டத்தட்ட 29 கிலோ, அதுவும் உடலைவிட்டுத் தள்ளி. தனியாக இடது சீட்டில் உட்கார்ந்து பறந்தீர்களா? காற்று அமைதியாக இருந்ததா? பாதிப் புகார் இங்கேயே கரைந்துவிடும். மீதிக்கு, தரையிறங்கும்போது தாழ்த்தும் இறக்கைப் பலகைகளான ஃபிளாப் இரண்டும் முழுக்க மேலே ஏறி ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். ஒரு பக்க ஃபிளாப் விரல் கனம் இறங்கியிருந்தாலும் அந்த இறக்கை தூக்கிக்கொள்ளும், பழி மற்ற இறக்கை மேல் விழும். கைப்பிடியை நேராகப் பூட்டிவிட்டு எய்லரான்கள் நடுநிலையில் நிற்கின்றனவா என்பது அடுத்தது.

கேபிளின் இறுக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்துச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் எய்லரான் கேபிளுக்கு 40 பவுண்டு, பத்து கூடலாம், பத்து குறையலாம். கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும், வெப்பநிலையையும் சேர்த்து. அலுமினிய உடல் சூட்டில் விரியும் அளவு எஃகுக் கேபிள் விரிவதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால் உச்சிவெயிலில் கேபிள் தானாக இறுகும், விடியற்காலையில் தளரும். தளர்ந்த கேபிளோடு பறந்தால் இரண்டு எய்லரானும் காற்றில் மேலே மிதக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறக்கை கனத்தால், அதே செஸ்னாவில் இறக்கையின் பின் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு உத்திரம்) உடலோடு சேரும் இடத்தில் மையம் விலகிய புஷ்கள் (துளை நடுவில் இல்லாத உலோக வளையங்கள்) இருக்கின்றன. அவற்றைத் திருப்பினால் கனக்கிற இறக்கையின் பின்விளிம்பு சற்று இறங்கி, தூக்குவிசை கூடும். கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. கேபிளைத் தொட்டால், வேலை செய்தவர் போக இன்னொருவரும் தனியாகச் சோதித்தாக வேண்டும். கேபிளை இறுக்கும் திருகு இணைப்பான டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது, சேஃப்டி வயர் போட்டிருக்க வேண்டும். கைப்பிடியின் உச்சியைக் கட்டைவிரல் நிமிரப் பிடித்துத் திருப்பினால், விரல் சாயும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23-இல் அவ்ரோ டியூடர் 2-இன் சோதனைப் பறப்பில் இறந்தார். பராமரிப்பின்போது எய்லரான் கேபிள்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன.

கடைசியாக, படத்தில் ஒரு பிழை. ‘வளைக்க வேண்டிய தகடு’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) டிரிம் டேப். அது பைலட் சீட்டருகே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் கீல் மேல் அசைவது. யாரும் கையால் வளைக்கக்கூடாது. திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான டெக்னீஷியன்