பதினைந்தாம் இடம், முதல் கோப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் புதிய முறை குழப்பம் என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பு 32 அணிகள், எட்டுப் பிரிவுகள். பல பிரிவுகளில் நான்காவது ஆட்டத்திலேயே பாதிக் கதை முடிந்துவிடும். 2024-25 முதல் 36 அணிகளுக்கும் ஒரே பட்டியல், அணிக்கு எட்டு ஆட்டம். முதல் 8 அணிகள் நேரே கடைசி 16-க்கு. 9 முதல் 24 வரை வந்தவை மிச்சமுள்ள எட்டு இடங்களுக்குத் தங்களுக்குள் மோதும் பிளே-ஆஃப். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஆண்டே 15-வதாக வந்த பாரிஸ் அணி பி.எஸ்.ஜி., முதலிடம் பிடித்த லிவர்பூலைப் பெனால்டியில் வெளியேற்றி, இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என நொறுக்கியதே! சரி, ஒரே ஒரு குறை: பட்டியல் சுற்றின் கடைசி நாளில் 18 ஆட்டங்களையும் ஒரே நேரத்தில், அதுவும் நமக்கு நள்ளிரவு ஒன்றரைக்கு வைத்தால் எதைத்தான் பார்ப்பது?

- ஒரு வாசகர், திருச்சி