ஈஸ்ட்ஹாமிலிருந்து அம்மாவுக்கு

ஈஸ்ட்ஹாம், லண்டன்
10.05.2020

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூண்டு பேரும் சுகம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்ளுறன்.

தங்கச்சி படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பின உங்கட கடிதம் போன ஞாயிற்றுக்கிழமை கிடைச்சுது. மூண்டு பக்கத்தையும் போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சு வாசிச்சன். "ரெண்டு மாசமா ஒரு வரி இல்லை, போன் எடுத்தாலும் நல்லாயிருக்கிறம் எண்ட ஒரு சொல்லோட வச்சிடுறாய்" எண்டு எழுதியிருந்தியள். உண்மைதான் அம்மா. போனில உங்களுக்குக் காது கேக்கிறது குறைவு, எனக்கும் கனக்கக் கதைக்க வாய் வருதில்லை. அதால நானும் எழுதியே அனுப்புறன். தங்கச்சி, ஆறுதலா வாசிச்சுக் காட்டு. ஒரு இடத்தில "அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்" எண்டு போட்டிருக்கிறன். அதை மட்டும் அம்மா தனிய இருக்கேக்க வாசி.

"வெள்ளைக்காரன் நாட்டில சாமான் இல்லையாமே, ரீவியில வெறும் தட்டுகளைக் காட்டினவை, மெய்யோ?" எண்டு கேட்டிருந்தியள். மெய்தான். மார்ச் நடுப்பகுதியில கொரோனாப் பயத்தில ஒரு கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சு போட்டுது. முதல்ல கை துடைக்கிற ஜெல், பிறகு காய்ச்சல் குளிசை, பிறகு ரொய்லெட் பேப்பர், அரிசி, முட்டை, ரின் சாமான். 23ஆம் திகதி இரவு பிரதமர் ரீவியில வந்து வீட்டோட இருங்கோ எண்டு சொல்ல முந்தியே தட்டெல்லாம் துடைச்ச மாதிரிக் கிடந்தது. பெரிய கடைகளில ஒரு சாமான் ஆளுக்கு ரெண்டு இல்லாட்டி மூண்டுதான் எண்டு கட்டுப்பாடு போட்டினம். காலமை முதல் மணித்தியாலம் வயது போன ஆக்களுக்கும் ஆஸ்பத்திரி வேலைக்காரருக்கும். மற்றவை வெளியில ரெண்டு மீற்றர் தள்ளித் தள்ளி வரிசையில நிக்கோணும். நிக்கேக்க எல்லாம் நீங்கள் சொல்லுற சங்கக்கடைப் பாண் வரிசைதான் என்ர கண்ணுக்குள்ள.

இப்ப கொஞ்சம் பரவாயில்லை. ரொய்லெட் பேப்பர் தாராளமா இருக்கு. ஆனால் கோதுமை மா இண்டைக்கும் ஒரு நாள் இருந்தால் நாலு நாள் இல்லை. கேட்டால் நம்பமாட்டியள், நாட்டில மாவுக்குத் தட்டுப்பாடே இல்லையாம். ஆலையள் இரவு பகலா அரைக்குதாம். முந்தி அரைக்கிற மாவில நூறில நாலு பங்குதான் கடைக்குச் சின்னப் பையில வந்தது. மிச்சம் முழுக்கப் பேக்கரிக்கும் தொழிற்சாலைக்கும் பெரிய சாக்கில போனது. இப்ப எல்லாரும் வீட்டில இருந்து பாண் போடத் தொடங்கிட்டினம். ஒண்டரைக் கிலோப் பையில போட்டுக் கட்டுற மெசின்தான் அவ்வளவுக்கு இல்லையாம். மா இருக்கு, பை இல்லை. எங்களுக்கோ அவிச்ச மா இல்லாட்டி புட்டு இல்லை. உங்கட பேரனுக்கு இரவில புட்டு இல்லாட்டி ஒரே சிணுங்கல். பள்ளிக்கூடமும் மார்ச் 20ஓட பூட்டினதால பகல் முழுக்க என்னோடதான். ஒரு வானவில் கீறி யன்னல்ல ஒட்டியிருக்கிறான், படம் அனுப்புறன்.

மா கிடைச்ச கதையைக் கேளுங்கோ. பக்கத்து 14ஆம் நம்பர் வீட்டு ஆச்சியைப் பற்றி முந்திச் சொன்னனான். எங்கட வீட்டுப் படத்தில ஓரத்தில தொப்பியோட நிக்கிறவதான். 86 வயது, தனிய இருக்கிறா. ஏழு வருசமா 'குட் மோர்ணிங்' எண்டதுக்கு மேல ஒரு சொல்லு என்னோட கதைச்சதில்லை. வியாழக்கிழமைகளில இரவு 8 மணிக்கு ஆஸ்பத்திரிக்காரருக்கு எண்டு எல்லாரும் வாசல்ல நிண்டு கை தட்டுறவை. அவ ஒரு அலுமினியச் சட்டியும் மரக்கரண்டியும் கொண்டு வந்து, தெருவில கடைசி ஆள் ஓயுமட்டும் அடிப்பா. அப்பிடித்தான் கையசைக்கத் தொடங்கினது.

முந்தநாள் மே 8. ரெண்டாம் உலகப்போரில ஜேர்மனியோட சண்டை முடிஞ்சு 75 வருசம். ஊர்வலம் ஒண்டும் வைக்கேலாதெண்டு ஆக்கள் தங்கட தங்கட வீட்டு முன்பக்கத்தில கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிச்சினம். ஆச்சி என்னையும் வெளியில வரச் சொன்னா. நடுவில அரைச்சுவர், அங்கால அவ, இங்கால நான். ஒரு நீல மட்டைப் புத்தகத்தைச் சுவரில வச்சிட்டுத் தள்ளி நிண்டா. சின்னப்பிள்ளையில அவவின்ர கூப்பன் புத்தகம் அம்மா! ஆளுக்குக் கிழமைக்கு ஒரு முட்டைதானாம். சண்டை முடிஞ்ச கையோட கூப்பனும் முடிஞ்சிருக்கும் எண்டு நான் நினைச்சன். இல்லையாம். சண்டைக்குள்ள இல்லாத பாண் கூப்பன் 1946இலதான் வந்து ரெண்டு வருசம் இருந்ததாம். எல்லாம் முழுசா முடிய 1954 ஜூலை ஆச்சுதாம். அப்ப அவவுக்கு 20 வயது. அதாலதான் இண்டைக்கும் அவவின்ர அலுமாரியில எப்பவும் ஆறு மாசத்துக்குச் சாமான் இருக்கும். "பயத்தில வாங்கேல்லை, பழக்கத்தில வச்சிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு, ரெண்டு பை மாவைப் புத்தகத்துக்குப் பக்கத்தில வச்சா. காசு நீட்ட, கையைக் கையைக் காட்டி மறுத்திட்டா.

அண்டைக்கே அவிச்சன். துணியில தளர முடிஞ்சு, முக்கால் மணித்தியாலம். ஆறவிட்டால் கல்லாப் போகும் எண்டு நீங்கள் சொல்லித் தந்த மாதிரி, சுடச்சுடப் பேணி அடியால கட்டியை உடைச்சு உடைச்சு அரிதட்டில அரிச்சன். தேங்காய்ப்பூ குளிர்ப்பெட்டியில இருந்தது. நீங்கள் கட்டி அனுப்பின பனையோலை நீத்துப்பெட்டியில புட்டை வச்சு மூட, ஓலை சூடாகி ஒரு மணம் வந்திது பாருங்கோ. அப்பிடியே எங்கட குசினி. புகைக்கூட்டுக்குக் கீழ நீங்கள் இருக்கிறியள், அடுப்புக்குள்ள பன்னாடை வெடிக்குது, கிணத்தடியில அப்பா கால் கழுவுறார். நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிண்டன், உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்குக் கேக்கக்கூடாதெண்டு. ரெண்டு மாசமா அழேல்லை அம்மா. அண்டைக்கு அழுதன். பிறகு முகம் கழுவிப்போட்டு மூண்டு பேரும் புட்டும் சம்பலும் சாப்பிட்டம். ஒரு தட்டு ஆச்சிக்கும் சுவரில வச்சன். காலமை தட்டைக் கழுவி வச்சிருந்தா.

(தங்கச்சி, இதில இருந்து அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்.)

அம்மா, சந்திக் கடை ஞாபகம் இருக்கோ? யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த சண்டை நேரம். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில உடுப்புத் தோய்ச்சம், ஜாம் போத்தல்ல ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரிச்சம். தம்பிக்குக் காய்ச்சல் எண்டு ஒரு கால் போத்தல் எண்ணெய்க்கு நீங்கள் போய் நிக்க, இல்லை எண்டு கையை விரிச்ச கடைக்காரர், இரவில விறகுக் கொட்டிலுக்குள்ள இருந்து வெளியில எடுத்து பத்து மடங்கு விலைக்கு வித்தவர். அண்டையில இருந்து நீங்கள் அந்தக் கடைப் படியை மிதிக்கேல்லை. 1995 இடப்பெயர்வில தென்மராட்சிக்கு ஓடி, திரும்பி ஊருக்கு வந்த பிறகும் மிதிக்கேல்லை. கால் கிலோச் சீனிக்கும் என்னைச் சந்தியைத் தாண்டித்தான் அனுப்பினியள்.

நான் வேலை செய்யிற கடை ஆரின்ரை எண்டு எழுதமாட்டன். எங்கட ஆள்தான். மார்ச் கடைசியில ஒரு நாள் பின்னேரம் விலை ஒட்டுற மெசினைத் தந்து அஞ்சு கிலோச் சிவப்பரிசிப் பைகளுக்குப் புது விலை ஒட்டச் சொன்னார். பழைய விலை 6.99 பவுண். அந்தக் கடதாசியை நகத்தால சுரண்டி எடுத்துப்போட்டு 10.99 எண்டு ஒட்டினன். இந்தியாவில ஊரடங்கு, வியட்நாம் அரிசி ஏத்திறதை நிப்பாட்டிப்போட்டுது, எல்லாம் ஏறத்தானே வேணும் எண்டு சொன்னார். ஏறினது உண்மைதான். முருங்கைக்காய், வெண்டிக்காய் எல்லாம் ஆக்கள் வாற பிளேனிலதான் வாறது, அது நிண்டதோட நெருப்பு விலை. அதை நான் குறை சொல்லமாட்டன். ஆனால் அந்த அரிசி மாசியிலேயே வந்து பின்னறையில கிடந்தது. நான்தான் அடுக்கினனான். புதுசா வந்த பில்லையும் பார்த்தன். மொத்தக்காரர் பைக்கு ஒரு பவுண்தான் கூட்டியிருந்தினம்.

அடுத்த நாள் வயது போன ஒரு ஐயா வந்தார். எங்கட பக்கத்துப் பேச்சு. "பிள்ளை, இது போன கிழமை ஏழு பவுண் எல்லோ?" எண்டு கேட்டார். "விலை ஏறிட்டுது ஐயா" எண்டன். என்ர வாயாலதான் சொன்னன். சில்லறையைக் குவிச்சு வச்சு ரெண்டு தரம் எண்ணினார். பிறகு பருப்புப் பையைக் கூடையில இருந்து எடுத்து, எடுத்த இடத்திலேயே நேராக் கொண்டுபோய் வச்சிட்டு, அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கையுறை போட்ட கையால அந்தப் பருப்புப் பையைத் தடவி நேராக்கி வச்சவர். அதுதான் எனக்கு நித்திரை வராமல் செய்யுது.

விலை கூட்டி விக்கிற ஆக்களைப் பற்றி முறைப்பாடு எடுக்க அரசாங்கம் மார்ச்சில ஒரு பிரிவு தொடங்கியிருக்கு. நம்பரை ஒரு துண்டில எழுதி வச்சிருக்கிறன். எடுக்கேல்லை. கிழமைக் கடைசியில முதலாளி ரெண்டு பை அரிசி சும்மா தந்தார், வாங்கினன். அதைத்தான் சமைக்கிறம். நீங்கள் மிதிக்காத மாதிரிக் கடை ஒண்டுக்குள்ள நிண்டு விலை ஒட்டுறன் அம்மா. வேலையை விடச் சொல்லி எழுதாதேங்கோ. விடேலாது. ஏன் எண்டும் கேக்காதேங்கோ. உங்களுக்கு இதை மறைச்சு எழுத ஏலாமல்தான் இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தனான். அந்த ஐயா திரும்பி வந்தால் பருப்பு என்ர கணக்கில குடுக்கோணும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன். இன்னும் வரேல்லை.

(இனி எல்லாருக்கும் வாசி.)

இவர் வேலை செய்யிற சாப்பாட்டுக்கடை மார்ச் 20ஓட பூட்டுத்தான். சம்பளத்தில 80 வீதம் அரசாங்கம் குடுக்குது, கணக்குப் புத்தகத்தில எழுதியிருக்கிற சம்பளத்தில. அதால அப்பா ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். இந்த மாசக் காசு கொஞ்சம் பிந்தும். காசு அனுப்புற கடை கிழமையில ரெண்டு நாள்தான் திறக்கினம். அதுக்காகக் காப்பை அடகு வைக்கப் போகாதேங்கோ.

அப்பாவின்ர பீற்றூட்டை ஊரடங்கால மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோக ஏலாமல் தோட்டத்திலயே உழுது மூடினதெண்டு வாசிச்சு மனம் கேக்கேல்லை. இங்க ஒரு பீற்றூட் கிழங்கு என்ன விலை எண்டு நான் சொல்லமாட்டன். விதைக் கடனுக்குச் சங்கத்தில தவணை கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. பருப்பு 65 ரூபா எண்டு அரசாங்கம் விலை போட்டும் அந்த விலைக்கு ஒரு கடையிலயும் இல்லை எண்டு எழுதியிருந்தியள். பயறை அவியுங்கோ.

தங்கச்சியின்ர கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளுறதுதான் சரி. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிச்சாலும் அவசரப்பட வேண்டாம், நாங்கள் வராமல் தாலி கட்டக்கூடாது. மண்டபத்துக்குக் குடுத்த முற்பணம் திரும்ப வருமோ எண்டு சின்னமாமாவைக் கொண்டு கேப்பியுங்கோ. பெரியப்பா வேலிக் கதியாலை ஒரு அடி எங்கட பக்கம் தள்ளி நட்ட விசயத்தில அப்பா வாய்ச்சண்டைக்குப் போகவேண்டாம். காணி உறுதி நீல ட்ரங்குப் பெட்டிக்குள்ள, என்ர பள்ளிக்கூடச் சான்றிதழுக்குக் கீழ இருக்கு. அளவைக்காரர் வெளிக்கிடத் தொடங்கினதும் அளப்பிப்பம், அந்தக் காசு நான் தாறன்.

மஞ்சள் விசயம். போன மார்கழியில இறக்குமதியை நிப்பாட்டினது, இந்த வருத்தத்துக்கு மஞ்சள் தெளிச்சால் நல்லதெண்டு சனம் அள்ளினது, ரெண்டும் சேர்ந்துதான் உங்களுக்குக் கறிக்கு இல்லை. கிணத்தடி வாழைக்குப் பக்கத்தில நிக்கிற மஞ்சளை ஆர் என்ன விலைக்குக் கேட்டாலும் கிண்டிக் குடுத்திடாதேங்கோ. கிழங்கைப் பிரிச்சு இந்த வைகாசியிலேயே வாய்க்கால் ஓரமா நடச் சொல்லுங்கோ, தைக்கு எடுக்கலாம். மாமிக்கும் ரெண்டு கிழங்கு குடுங்கோ.

பிளேன் ஓடத் தொடங்கி ஆரும் வந்தால் ஒரு நீத்துப்பெட்டி குடுத்து விடுங்கோ. இதின்ர ஓரம் பிரிஞ்சு, நூலால கட்டி வச்சிருக்கிறன்.

இண்டைக்கு இரவு பிரதமர் திரும்பப் பேசப்போறாராம். இவர் ரீவிக்கு முன்னால இருக்கிறார். நான் நிப்பாட்டுறன்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்