ஃபிளாப்பிக்குள் மாட்டிக்கொண்ட தமிழ்: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாரியத்தாருக்கு வணக்கம்.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது கோப்புகளைச் சேமிக்கும் பழைய கணினி வட்டான மூன்றரை அங்குல ஃபிளாப்பி ஒன்று கிடைத்தது. மேலே நீல மையில் ‘பொங்கல் மலர் 96’ என்று என் கையெழுத்து. மகன் சிம் லிம் ஸ்குவேரில் அலைந்து அதற்கொரு டிரைவ் வாங்கி வந்தான். கோப்பு திறந்தது, தமிழ் வரவில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் கோடுகளும்தான். ஒரு எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் ‘ம’ இருந்த காலம் அது. அந்த எழுத்துரு தொலைந்ததும் மாணவர்கள் எழுதிய கவிதைகளும் தொலைந்தன.

விவரம் அறிய இணையத்தில் தேடினேன். அமெரிக்கக் கணினிக் கதைக்குக் குறைவே இல்லை. ‘பைட்’ என்ற கணினி இதழை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பழைய கணினிகளின் கையேடுகள் பிட்சேவர்ஸ் தளத்தில் இருக்கின்றன. மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் பொறியாளர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிந்து, எழுத்தாகவும் தந்திருக்கிறது. நம் ஊருக்கு உங்கள் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி பெரிய கொடை. பழைய தமிழ் முரசை வீட்டிலிருந்தே படிக்கிறேன்.

ஆனால் தமிழைக் கணினியில் ஏற்றப் பட்ட பாடு செய்தித்தாளுக்குள் அடங்காது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளைக் கண்டார். எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பொதுவாக்கப் பேசிய ‘தமிழ்நெட் 97’ மாநாடு 1997 மே மாதம் நடந்ததும் இங்கேதான். 1999-இல் கோவிந்தசாமி மறைந்துவிட்டார். அந்நாளில் விசைப்பலகையோடு மல்லுக்கட்டிய ஆசிரியர்கள், அச்சகத்தார் பலருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது. எந்த விசையில் எந்த எழுத்து, ஏன் அப்படி என்பது அவர்கள் விரல்களில் இருக்கிறது.

வாய்மொழி வரலாற்று நிலையத்தின் வழியே அவர்களைத் தமிழிலேயே பேசவையுங்கள். ஃபிளாப்பிகளை வாங்கும்போது எழுத்துருக் கோப்பையும் கையேட்டையும் சேர்த்தே கேளுங்கள். அவை இருந்தால் பழைய கோப்பை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். 2015-இல் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கியபோது தொண்டூழியர்கள் மெய்ப்புப் பார்த்தார்களே, இதற்கும் வருவார்கள். நான் வருகிறேன்.

என் ஃபிளாப்பியையும், ஓரம் கிழிந்த விசைப்பலகை அட்டையையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் எந்த மாடிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்