குறைந்தது ராப்பா, கிட்டாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கின் புரூக்ளினில் 1987-ல் தொடங்கிய, மெட்டலும் ஹார்ட்கோரும் (பங்க் ராக்கிலிருந்து வந்த, வேகமும் ஆவேசமும் மிக்க இசை) ராப்பும் கலந்து தரும் பயோஹஸார்டு குழுவின் நான்காவது ஆல்பம் 'மாதா லெயாவோ' (1996). அதைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் எதிரெதிர்க் கருத்துகளை ஞாயிறு இணைப்பில் தொகுத்திருந்தீர்கள். ராப் போய்விட்டது என்கிறார் ஒருவர். கிட்டார் மெலிந்துவிட்டது என்கிறார் மற்றொருவர். பெரிய கம்பெனி கெடுத்துவிட்டது என்பவரும் உண்டு, அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பவரும் உண்டு. நான்கையும் அடுக்கிவிட்டு 'அவரவர் ரசனை' என்று கட்டுரையை முடித்தது சரியில்லை. இவற்றில் ஒன்று ஆண்டைப் பார்த்தாலே விழுந்துவிடும். இரண்டைக் காதால் சோதிக்க முடியும்.

முதலில் பெயர். 'மாதா' என்றதும் தாய்ச் சிங்கம் என்று நினைக்க வேண்டாம். போர்த்துகீசிய மொழியில் அது கொல்வதைக் குறிக்கும் சொல்; 'லெயாவோ' என்றால் சிங்கம். எதிராளியின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டு, முழங்கை மடிப்புக்குள் கழுத்தை வைத்து நெரிக்கும் ஜியு-ஜித்சு மல்யுத்தப் பிடியைப் பிரேசிலில் இப்படி அழைக்கிறார்கள். அழுத்தம் கழுத்தின் இரு பக்கத்து ரத்தக் குழாய்களில் விழும். சில நொடிகளில் ஆள் மயங்கிவிடுவார். 15 பாட்டு, சுற்றிவளைக்காத அமைப்பு என்று இருக்கும் ஆல்பத்துக்கு இந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கம்பெனிக் குற்றச்சாட்டு நிற்காது. 1992-ல் வந்த இவர்களின் இரண்டாவது ஆல்பம் 'அர்பன் டிசிப்ளின்', ரோட்ரன்னர் என்ற சிறிய கம்பெனியின் வெளியீடு. 1994-ன் 'ஸ்டேட் ஆஃப் த வேர்ல்ட் அட்ரெஸ்', 1996-ன் 'மாதா லெயாவோ' இரண்டையும் வெளியிட்டது ஒரே பெரிய கம்பெனி, வார்னர் பிரதர்ஸ். 1994 ஆல்பத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்களே 1996-க்கு மட்டும் வார்னரைத் திட்டுவது என்ன கணக்கு? சந்தைக்காக மாறினார்கள் என்பதும் பொருந்தவில்லை. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் இரண்டாவது ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த ஆண்டு 1996. ராப் கலந்த மெட்டல் நன்றாக விற்கத் தொடங்கிய நேரம் அது. பணம்தான் குறி என்றால் ராப்பைக் கூட்டியிருப்பார்கள்.

அடுத்து கிட்டார். முதல் மூன்று ஆல்பங்களில் பில்லி கிராசியாடெய், பாபி ஹாம்பல் என்று இரண்டு கிட்டார் கலைஞர்கள். ஹாம்பல் 1995-ல் விலகினார். 'மாதா லெயாவோ' பதிவின்போது குழுவில் மூன்றே பேர்: பேஸ் கிட்டாரும் குரலுமாக எவன் சைன்ஃபெல்ட், கிட்டாரும் குரலுமாக கிராசியாடெய், டிரம்ஸில் டேனி ஷூலர். தயாரிப்பாளரும் மாறினார். 1994-ல் இருந்தவர் எட் ஸ்டேசியம். 1996-ல் வந்தவர் ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் 'டர்ட்' ஆல்பத்தைப் பதிவுசெய்த டேவ் ஜெர்டன்.

ஸ்டுடியோவில் ஒரே ஆள் எத்தனை கிட்டார் வேண்டுமானாலும் வாசிக்கலாமே, அப்புறம் எப்படி மெலியும் என்று கேட்கலாம். இந்த வகை இசையில் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றொன்றை வலது காதுக்கும் அனுப்புவது வழக்கம். ஒரு முறை வாசித்ததை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது. ஒலி நட்டநடுவில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு வாசிப்புக்கும் நடுவே தற்செயலாக விழும் சில மில்லிசெகண்ட் வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. இரண்டு பேர் வாசித்தால் வித்தியாசம் கூடும். ஒருவர் கம்பியை முன்னால் தட்டுவார், மற்றவர் ஒரு மயிரிழை பிந்துவார். இருவரின் கிட்டாரும் ஆம்பிளிஃபயரும்கூட வேறு வேறாக இருக்கும். கிட்டார்கள் எழுப்பும் ஒலிச்சுவர் கரடுமுரடாக, பெரிதாகத் தெரியும். ஒரே கை இரண்டு முறை வாசித்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திச் சுவர் வழவழப்பாகிவிடும். 1994 ஆல்பத்தைக் கேட்ட கையோடு இதைக் கேட்பவர் 'ஒல்லி' என்று சொல்வது இந்த வழவழப்பைத்தான். ஹாம்பலின் சோலோக்களும் இதில் இல்லை. அந்த இழப்பு உண்மையானது. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

ராப் விஷயம் வேகக் கணக்கு. நிமிடத்துக்கு 90 அடி போகும் ஹிப்-ஹாப் தாளத்தில், ஓர் அடிக்குத் 'தகதிமி' என்று நான்கு அசை வைத்தால் நொடிக்கு 6 அசை. நாக்குக்கு அது வசதியான வேகம். 180 அடியில் ஓடும் ஹார்ட்கோரில் அதே தகதிமியைப் போட்டால் நொடிக்கு 12 அசை. ஆவேசமாகக் கத்திக்கொண்டே அதை யாராலும் உச்சரிக்க முடியாது. அடிக்கு இரண்டு அசையாகக் குறைத்தால் மறுபடியும் நொடிக்கு 6தான். ஆனால் அடிக்குள் அசைகளை முன்னும் பின்னும் நகர்த்தி விளையாட இடம் இருக்காது. ராப்பின் உயிரே அந்த விளையாட்டில்தான் இருக்கிறது. அது போனால் மிஞ்சுவது முழக்கம்.

அதனால்தான் இந்தக் குழு வேகமாக ஓடித் திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும். ஸ்நேர் டிரம்மின் (தாளத்தைச் சுளீரென்று காட்டும் டிரம்) அடி இரண்டு மடங்கு தள்ளிப்போகும். சைன்ஃபெல்டும் கிராசியாடெயும் அந்த இடைவெளியில் மாறி மாறி வரி பேசுவார்கள். 'மாதா லெயாவோ'வில் பாட்டுகள் குறுகியதால் அப்படி இறங்கி நிற்கும் இடங்களும் குறுகிவிட்டன. ராப் செய்யத் தெரியாமல் போய்விடவில்லை. அதற்கான தரையைத்தான் சுருக்கிக்கொண்டார்கள். 1993-ல் ஆனிக்ஸ் என்ற ராப் குழுவோடு சேர்ந்து 'ஜட்ஜ்மென்ட் நைட்' படத்தின் தலைப்புப் பாடலைச் செய்தபோது அந்தத் தரை தாராளமாக இருந்தது. அந்தப் பாட்டின் வழியாக உள்ளே வந்தவர்களுக்கு 1996 ஏமாற்றம்தான். 'அர்பன் டிசிப்ளி'னில் இவர்கள் பேட் ரிலிஜியன் என்ற பங்க் குழுவின் பாட்டை எடுத்துப் பாடியதை ரசித்தவர்களுக்கு இந்தப் பங்க் பக்கம் ஒன்றும் புதிதல்ல. 'உருப்படியானது இதுதான்' என்ற நான்காவது கருத்துக்காரர் அனேகமாக அந்தக் கோஷ்டி.

இனி சோதனை. இதைச் செய்யாமல் இரண்டு ஆல்பத்தை ஒப்பிடுவது வீண். ஒரே பாட்டை 1 டெசிபல் கூட்டி வைத்தாலே, ஏனென்று தெரியாமல், அதுதான் 'நல்ல பதிவு' என்று காது சொல்லிவிடும். பழைய குறுந்தகட்டையும் பிற்கால மறுபதிப்பையும் பக்கத்தில் வைத்துக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பாட்டுக் கேட்கும் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஈக்வலைசரையும் 'பேஸ் பூஸ்ட்' வசதியையும் அணையுங்கள். இரண்டு ஆல்பத்திலும் குரலும் டிரம்ஸும் முழுவீச்சில் உள்ள அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் ஸ்நேர் ஒரே அளவில் கேட்கும்வரை ஒலியைத் திருத்துங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் 75 முதல் 80 டெசிபல் போதும். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலி இந்த வேலைக்குத் தாராளம். மிகத் தாழ்வாக வைத்தால் காது தாழ்ந்த ஒலிகளை உள்ளதைவிடக் குறைவாகவே வாங்கும். நஷ்டம் இந்த ஆல்பத்துக்கு.

காரணம், மூன்று பேர் குழுவில் அடித்தளம் பேஸ் கிட்டார். வழக்கமான சுதியில் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அதில் போட்டால் சைன்ஃபெல்டின் வாசிப்பில் பாதி காணாமல் போகும். மிஞ்சுவது கிட்டாரின் அரம் போன்ற கரகரப்பும் குரலும்தான். ஒற்றைப் புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். இடதும் வலதும் ஒன்றாகக் கலந்து, கஷ்டப்பட்டு உண்டாக்கிய அகலம் அதில் நசுங்கிவிடும். கம்பி இணைப்புள்ள சுமாரான ஹெட்போன் போதும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இதைவிட நேரடியான சான்று ஒன்று உண்டு. 1997-ல் 'நோ ஹோல்ட்ஸ் பார்ட்' என்ற மேடைப் பதிவு வந்தது. அதற்குள் ஹெல்மெட் குழுவிலிருந்து ராப் எச்செவரியா இரண்டாவது கிட்டாருக்கு வந்துவிட்டார். 'மாதா லெயாவோ'வின் 'அத்தாரிட்டி', 'மாடர்ன் டெமாக்ரஸி', 'பெட்டர் டேஸ்' ஆகியவை அதில் உண்டு. ஸ்டுடியோ வடிவத்தை ஒரு முறை, மேடை வடிவத்தை ஒரு முறை என்று கேளுங்கள். கூட்டத்தின் இரைச்சலும் அரங்கின் எதிரொலியும் சேரும் என்பதால் அவற்றைக் கழித்துவிட்டுக் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். மேடையில் பாட்டு நன்றாக நின்றால் பாட்டில் கோளாறு இல்லை, பதிவில் ஆள் குறைவு என்று அர்த்தம். என் காதுக்கு 'அத்தாரிட்டி' நிமிர்ந்து நிற்கிறது.

அதற்காக ஆல்பம் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. தொகுப்பில் யாரும் தொடாத குறை ஒன்று உண்டு: வரிகள். 1994-ல் 'ஃபைவ் பிளாக்ஸ் டு த சப்வே' என்று தலைப்பிலேயே ஒரு தெரு இருந்தது, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் இருந்தது. 1996-ன் தலைப்புகளைப் பாருங்கள்: 'கன்ட்ரோல்', 'கிராவிட்டி', 'காம்பெட்டிஷன்'. புரூக்ளினைக் கழற்றிவிட்டு எந்த ஊருக்கும் மாட்டலாம். மூன்று பாட்டை நீக்கி 12 ஆக்கியிருந்தால் நடுப்பகுதி இவ்வளவு ஒரே மாதிரி ஒலிக்காது. எந்த மூன்று என்று கேட்டால் ரசிகர்கள் மறுபடியும் நான்கு கோஷ்டியாகப் பிரிவார்கள்; அந்தச் சண்டை உண்மையிலேயே ரசனைச் சண்டை, அதை இரண்டு பக்கத்துக்கு வெளியிட்டாலும் தகும்.

பழைய நால்வரும் 2023-ல் மீண்டும் சேர்ந்து, 2025-ல் புது ஆல்பமும் வந்துவிட்டது. அதற்கும் இதேபோல் கருத்துத் தொகுப்பு போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது ஒவ்வொரு கருத்துக்கும் கீழே, சொன்னவர் எந்தப் பதிப்பைக் கேட்டார், எதில் கேட்டார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்