நண்பனிடம் கேட்கலாமா என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

உன் நண்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மறுபடியும் தற்கொலைக்கு முயல்வானா, அதைப் பற்றி அவனிடம் பேசலாமா, பேசினால் நாமே ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடாதா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பேசலாமா என்றால், பேசு. சுற்றி வளைக்காமல், "செத்துப்போகலாம் என்று இப்போதும் தோன்றுகிறதா?" என்றே கேள். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது உண்மையா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் 2,342 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்ட ஆய்வு 2005-ல் வெளியானது. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது நல்லதாகவே இருந்தது.

மறுபடி செய்வானா என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-ல் அலசினார்கள். யார் முயல்வார், யார் முயலமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்வது குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவுதான். அத்தனை படித்தவர்களாலேயே முடியாததை, அவன் முகத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்காதே அப்பா. அந்தப் பாரத்தை இறக்கி வை.

ஆனால் ஒன்று நன்றாகத் தெரியும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை, முதல் மூன்று மாதம் குறிப்பாக. வார்டில் சுற்றிலும் ஆள் இருந்தார்கள். வீட்டில் திடீரென்று யாரும் இருப்பதில்லை. பார்க்க வந்தவர்களும் "சரியாகிவிட்டது" என்று நின்றுவிடுவார்கள்.

இங்கேதான் உனக்கு வேலை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். மனச்சோர்வாலும் தற்கொலை எண்ணத்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்று விலகிய 843 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் சின்னச் சின்னக் கடிதங்கள் போயின. முதலில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு, ஐந்து வருடம் வரை. சிகிச்சைக்கு வா என்று அழைக்கவில்லை, மாத்திரை சாப்பிட்டாயா என்று விசாரிக்கவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் ஒரு வரி எழுதுங்கள் என்ற அளவுதான். முதல் இரண்டு வருடங்களில் கடிதம் வந்தவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. வார்டில் பெரிய பெரிய சிகிச்சைகளையெல்லாம் பார்த்தவள் நான்; இருந்தும் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இந்த ஆய்வுதான். அந்தக் கடிதங்கள் பதிலுக்கு எதையுமே கேட்கவில்லை, பார்த்தாயா!

சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. அவர்களில் ஒரு பிரிவினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை ஃபோனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அதனால் நீயும் அவனுக்கு வாரம் இரண்டு வரி அனுப்பு. பதில் வராவிட்டாலும் கோபித்துக்கொள்ளாதே, "ஏன் பதில் போடவில்லை" என்று கேட்காதே. சாவு எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டால் போதும். அந்த நேரத்தில் அபாயமான எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இதை அவன் வீட்டாரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடு.

சின்ன வயதில் அவன் பட்டதையெல்லாம் எழுதி, "இனி அவன் தேறுவானா" என்றும் கேட்டிருந்தாய். குழந்தைப் பருவக் கொடுமைகள் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, தெம்பாக வளர்ந்திருந்தார்கள். அப்படித் தேறியவர்களுக்குப் பெரும்பாலும் அக்கறையுள்ள ஒருவராவது துணையிருந்தார். பாட்டியோ, ஆசிரியரோ, யாரோ. மீண்டெழுவதை அவரவர் மன உறுதியாக மட்டும் பேசுவது எனக்கு ஒப்பாததற்கு இதுதான் காரணம். தேறாதவரை அது குற்றவாளியாக்கிவிடுகிறது.

எப்படி, எப்போது என்று திட்டம் வைத்திருப்பதாக அவன் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதே. தனியே விடாமல் கூடவே இருந்து, அவன் டாக்டரையோ அவசரப் பிரிவையோ உடனே கூப்பிடு. நேரம் பார்க்காமல் எனக்கும் ஃபோன் பண்ணு.

அவன் அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதியைக் கேட்டு எழுது. கூடப் போக ஆள் இல்லையென்றால் லீவு போட்டு நீயே போய் வா.

அன்புடன்,
அம்மா