பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கு

லண்டனில் அம்மாவின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை நின்றுபோனபோது எங்களிடம் மிச்சமிருந்தது மேல்முறையீடு செய்ய ஒரு மாதக் கெடு மட்டும்தான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசின் சட்ட உதவியும் கிடையாது.

இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் சட்ட மையம் ஒன்றில் எங்களைப் பார்த்த அக்கா, தன் பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார். சரி, போடவில்லை. ஆனால் அந்த மத்தியானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மோசமான நாளில் சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வெட்கப்பட்டு மழுப்பினார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வீட்டில் எங்களிடமே சொல்லாததை அம்மா அன்று சொன்னார். தீர்ப்பாயத்தில் ஜெயித்தது அதனால்தான் என்று நம்புகிறேன்.

அப்புறம்தான், இந்த மையங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நீதிபதிகளும் வக்கீல்களும் வருடாவருடம் 10 கிலோமீட்டர் நடந்து நிதி திரட்டும் லண்டன் லீகல் வாக் ஒன்று. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒரு வக்கீல் இலவசமாக வாதாடி ஜெயித்தால், தோற்றவர் வழக்குச் செலவுத்தொகையை அக்சஸ் டு ஜஸ்டிஸ் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 2007ஆம் ஆண்டின் லீகல் சர்வீசஸ் ஆக்ட் என்ற சட்டத்தின் 194ஆம் பிரிவு அது.

அக்காவுக்கும், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி. அடுத்த நடைக்கு நானும் வருகிறேன். அம்மா தண்ணீர் பாட்டிலோடு வழியில் உட்கார்ந்திருப்பாராம்.