மில்டன் புயலுக்கு முதல் நாள், டாம்பாவிலிருந்து அப்பாவுக்கு

டாம்பா, ஃபுளோரிடா
அக்டோபர் 8, 2024, செவ்வாய் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். காலையில் நீங்கள் போனில் கேட்டதற்கு என்னால் நின்று பதில் சொல்ல முடியவில்லை. வாசலில் ட்ரில் சத்தம், உள்ளே சின்னவன் அழுகை. "ஊரே காலி பண்ணுதுன்னு டிவியில காட்டுறான், நீங்க ஏம்மா இன்னும் அங்கேயே உக்காந்திருக்கீங்க?" என்றீர்கள். பின்னால் அம்மா விசும்புவதும் கேட்டது. நாளை ராத்திரிக்கு மேல் கரண்டும் நெட்டும் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இன்றைக்கே விவரமாக எழுதித் தம்பிக்கு அனுப்புகிறேன். அவன் படித்துக் காட்டட்டும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஊர் முழுக்கக் காலி பண்ணச் சொல்லவில்லை அப்பா. இங்கே கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி; கடலோரக் கவுண்டிகளை ஏ, பி, சி, டி, இ என்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் முகவரியைப் போட்டால் எந்த மண்டலம் என்று வந்துவிடும். கடல்நீர் முதலில் ஏறக்கூடிய தாழ்வான இடம் ஏ. எங்கள் ஹில்ஸ்பரோ கவுண்டியில் ஏ, பி இரண்டும் கட்டாயம் வெளியேற வேண்டும். தகர வீடு மாதிரி நகர்த்தி வைக்கிற 'மொபைல் ஹோம்' வீடுகளில் இருப்பவர்கள் எந்த மண்டலத்தில் இருந்தாலும் கிளம்ப வேண்டும். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பினெல்லாஸில் சி மண்டலத்தையும் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது வடக்கே, உள்ளே தள்ளி. எங்கள் வீடு எந்த மண்டலத்திலும் இல்லை. டாம்பா மேயர் ஜேன் காஸ்டர், இருந்தால் சாவீர்கள் என்று டிவியில் பச்சையாகச் சொன்னதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அந்த மண்டலங்களில் பிடிவாதமாக இருப்பவர்களுக்குச் சொன்னது. அவர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நயமாகச் சொன்னால் கிளம்பாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கே சொல்லும் விதி எளிது: தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். கஜா வந்த 2018 நவம்பரில் நமக்குக் காற்றுதான் எமன். நடுராத்திரியில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடிவதற்குள் பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பை எல்லாம் படுக்க வைத்துவிட்டது. அதனால் புயல் என்றதும் உங்களுக்கு மரமும் கூரையும்தான் ஞாபகம் வரும். இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய பயம் கடல். டாம்பா விரிகுடா வாய் அகன்று உள்ளே குறுகிப் போகிற புனல் மாதிரி. அதற்கு வெளியே வெகுதூரத்துக்குக் கடல் ஆழமே இல்லை. புயலின் கண் விரிகுடாவுக்குச் சற்று வடக்கே ஏறினால் காற்று மேற்கிலிருந்து தண்ணீரை அப்படியே உள்ளே தள்ளும். தெற்கே ஏறினால் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். 2017இல் இர்மா புயலின்போது விரிகுடா வற்றி, ஜனங்கள் சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஆக இருபது முப்பது மைல் இப்படியா அப்படியா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்புயல் ஒன்று நேராக இந்த விரிகுடாவின்மேல் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக 1921 அக்டோபரில் வந்தது. இப்போதைய கணிப்பில் புயல் சற்றுத் தெற்கே இறங்குவதாகத்தான் கோடு காட்டுகிறது. ஆனாலும் இங்கே 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

மில்டன் சனிக்கிழமைதான் மெக்சிகோ வளைகுடாவின் தென்மேற்கு மூலையில் உருவானது. நேற்று, திங்கள்கிழமை, ஐந்தாம் வகை ஆகிவிட்டது. ஐந்துக்கு மேல் வகையே கிடையாது. நேற்று இரவு அதன் காற்று மணிக்கு 180 மைல், நம் கணக்கில் 290 கிலோமீட்டர். நடுவே காற்றழுத்தம் 897 மில்லிபாருக்கு இறங்கியது. கொதிக்கிற கடல்மேல் வருவதால் இவ்வளவு வேகம். இன்று காலையில் சற்றுத் தணிந்து, சாயங்காலம் மறுபடி ஐந்துக்கு ஏறிவிட்டது. கரையைத் தொடும்போது வேகம் குறையும், ஆனால் அகலம் கூடும் என்கிறார்கள்.

அப்படியானால் எதற்கும் கிளம்பிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அவரும் நானும் இதை ரொம்ப நேரம் பேசினோம். வடக்கே போகிற 75ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. ஓரத்து அவசரப் பாதையையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். பல பங்குகளில் பெட்ரோல் இல்லை. ஏர்போர்ட் இன்று காலையோடு மூடியாயிற்று. நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்து, பிள்ளைகளோடு காரில் உட்கார்ந்து புயலைப் பார்ப்பதைவிட மோசமான நிலை இல்லை. அதோடு, கடல் ஏறும் இடத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த ரோடு வேண்டும். மேடான இடத்தில் கெட்டியான வீட்டில் இருக்கிற நாங்களும் அதே ரோட்டில் போய் நின்றால் அவர்கள் எப்படிப் போவார்கள்? பயத்தை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியவர்கள் இருப்பதும் ஒரு உதவிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீடு கெட்டி என்று ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே குடியிருப்புகளையே தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகுதான் கட்டட விதிகளை இறுக்கினார்கள். 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. எங்கள் வீடு அதற்குப் பிறகு கட்டியது. சுவர் கான்கிரீட் கல். கூரைச் சட்டம் ஒவ்வொன்றையும் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு பிணைத்திருக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை மேலே பரணில் ஏறி டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டையையும் பார்த்துவிட்டு வந்தார்.

இன்றைய பெரிய வேலை ஜன்னல்தான். மடிப்பு மடிப்பாக இருக்கும் அலுமினியத் தகடுகள் கார் ஷெட்டில் அடுக்கி இருந்தன. எந்தத் தகடு எந்த ஜன்னலுக்கு என்று மூலையில் மார்க்கரில் எழுதியிருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் தகட்டைச் சொருகி, கீழே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டில் மாட்டி, காது வைத்த நட்டால் முடுக்க வேண்டும். ஒரு தகட்டின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் காற்று அதில் கை வைத்துவிடும். விளிம்பு கத்திபோல இருப்பதால் தோல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் போர்ட்டோ ரிக்கோக்காரர். 2017இல் மரியா புயலை அங்கே அனுபவித்தவர். எழுபதைத் தாண்டியவர், தன் வீட்டு ஜன்னலை முடித்த கையோடு ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். துருப்பிடித்துச் சுற்ற மறுத்த போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டு, தட்டிக் கொடுத்து, பொறுமையாகக் கழற்றினார். எல்லாவற்றையும் மூடப் போனபோது, "ஒரு ஜன்னலையாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி விடு, தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவாய்?" என்று தடுத்தார். கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுகிறார்களே, அது ஒன்றுக்கும் உதவாது என்றும் சொன்னார். கண்ணாடி உடைந்தால் சில்லு இன்னும் பெரிதாகத்தான் பறக்குமாம்.

கார் ஷெட் கதவுதான் வீட்டின் நோஞ்சான் பகுதி. அது வளைந்து காற்று உள்ளே புகுந்தால் கூரையை அடியிலிருந்து தூக்கிவிடும். நம் மாட்டுக் கொட்டகை ஷீட் கஜாவில் போனது இப்படித்தான் இருக்கும். அதற்கென்று உள்ள கம்பிகளைக் குறுக்கே கொடுத்து முட்டு வைத்திருக்கிறோம்.

பூந்தொட்டி, ஊஞ்சல், சைக்கிள், குப்பைத்தொட்டி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கறிவேப்பிலைச் செடியையும் தூக்கி வந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சமையலறையில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறது.

மதியம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மன்னார்குடிக் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது. போன மாதம் 26ஆம் தேதி ஹெலீன் புயல் இந்தக் கரையைத் தொடவே இல்லை, நூறு மைலுக்கு மேல் தள்ளிக் கடலிலேயே வடக்கே போனது. அதற்கே இவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு கடல்தண்ணீர். சோபா, மெத்தை, சுவரை அறுத்தெடுத்த பலகை எல்லாம் இன்னும் அவர்கள் தெருவோரம் மலையாகக் கிடக்கிறது. அந்தக் கடலோர ஊர்கள் எல்லாவற்றிலும் அதே கதைதான். நாளைக்கு அந்தக் குப்பை காற்றில் பறந்து எந்த வீட்டை அடிக்குமோ என்று லாரிகள் ராப்பகலாக அள்ளுகின்றன. அந்த அம்மா ஹெலீனில் நனைந்த கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் காயவைத்துக்கொண்டிருந்தாராம். அதை ஒரு பழைய பருத்திப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்திருக்கிறார். வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது அப்பா, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும், எடுத்தாலும் வழக்கமாக முப்பது நாள் கழித்துத்தான் செல்லும். கடலோரத்தில் இருந்தும் அது இல்லாத குடும்பங்கள் நிறைய. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். வீடு விற்கிறவர்கள் இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா?

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நாலு லிட்டர், ஒரு வாரத்துக்கு வைக்கச் சொல்கிறார்கள். இப்போது வீட்டில் ஏழு பேர். கடையில் பாட்டில் அலமாரி காலி. அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் குடம், அண்டா, பொங்கல் பானை எல்லாம் இறக்கிக் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டேன். கழிவறைக்குக் குளியல் தொட்டி நிறைய. சாப்பாட்டுக்குக் குறைவில்லை: புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், சத்துமாவு, ரஸ்க். மாவு கெட்டுப்போகுமே என்று சாயங்காலமே எல்லாருக்கும் இட்லி ஊற்றிவிட்டேன். மாடியில் கேஸ் சிலிண்டரோடு கேம்ப் அடுப்பு இருக்கிறது, வெளியில் வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோப் பெரியவர் வீட்டு ஜெனரேட்டரும் அப்படித்தான், வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. புயலுக்குத் தப்பியவர்கள் மறுநாள் இதில் சாவது நடக்கிறது.

ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு காசு வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தபின் காசு மேலேயே இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் உறைந்தே இருந்தது என்று பொருள். அடியில் போயிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் குளிர் தாங்கும். பெரியவள் அந்தக் காசை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள், கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பாஸ்போர்ட், விசா காகிதம், பத்திரம் எல்லாம் தண்ணீர் புகாத பையில். அறை அறையாக வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் அழிக்காமல் வைத்திருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு சிறு அறை இருக்கிறது. புயலோடு சுழல்காற்றும் வரும் என்பதால், எச்சரிக்கை அடித்தால் எல்லாரும் அதற்குள் போய்விடுவோம். மெத்தை போட்டு, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டும் ஷூவும் வாசலிலேயே வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலில் ஓடக் கூடாது இல்லையா.

இப்போது வீட்டுக்குள் எல்லா ஜன்னலும் மூடிக் கும்மிருட்டு. பிள்ளைகள் ஏழு பேருக்கும் படுக்கை விரித்துவிட்டுக் கதை கேட்கிறார்கள். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன் அப்பா. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று.

நாளை இரவு இங்கே புயல் ஏறும்போது உங்களுக்கு வியாழன் காலை. ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்காராதீர்கள். கரண்ட் போனால் டவரும் போகலாம்; வியாழன் முழுக்க என் போன் எடுக்காவிட்டால் அதற்கு அர்த்தம் அவ்வளவுதான். டல்லாஸில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸாவது போட்டுவிடுவேன், பேச முடியாதபோதும் எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைந்துவிடும். அவன்தான் உங்களுக்குச் சொல்வான், நீங்களும் அவனையே கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மேலும் ஒரு தகவலும் இல்லையென்றால் அவன் காரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவரின் நம்பரும் அவனிடம் இருக்கிறது.

அம்மா இரண்டு வேளை மாத்திரையையும் விடாமல் போடட்டும். புதுத் தென்னங்கன்றுகளுக்கு இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகால் வெட்டச் சொன்னேனே, ஆள் கிடைத்தாரா என்று தம்பியிடம் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்